பிளருக்குப் பொருந்தும், ஸ்மித்ஸுக்குப் பொருந்தாது: திருகோணமலையில் ஒரு றட் 2 பெடல்

புரோகோ றட் 2 ஒரு டிஸ்டோர்ஷன் பெடல், அதாவது கிற்றாரின் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற கால்பெட்டி. கறுப்பு இரும்புப் பெட்டி, மூன்று குமிழ், ஒரு கால் சுவிட்ச், அவ்வளவுதான். பிரித்தானிய இண்டி றொக் வாசிக்க இது ஒன்று இருந்தால் போதும் என்று நம்பி வாங்குகிறவர் பாதிப் பாட்டுகளில் ஏமாறுவார். மற்றப் பாதிக்கு இந்த விலையில் இதைவிட நல்ல பெட்டி கிடையாது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சீசன் நாட்களில் விருந்தகங்களுக்கு வாசிக்கப் போகிறவர்களிடம் ஒயாசிஸ், பிளர், றேடியோஹெட் என்ற மூன்று குழுக்களின் பாட்டுகளையும் ஒரே இரவில் கேட்பார்கள். அதனால் இந்தப் பெட்டி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று வாங்க முதலே தெரிந்திருப்பது நல்லது.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். றட் 1978 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் பிறந்தது. றட் 2 என்ற வடிவம் 1988 இல் வந்தது. பழைய பெட்டிகளில் எல்எம்308 என்ற சிப். பிறகு வந்தவற்றில் ஓபி07. இணையத்தில் இந்த இரண்டுக்கும் நடக்கிற சண்டையைப் பார்த்துவிட்டுப் பழைய பெட்டிக்கு இரட்டிப்பு விலை கொடுக்கத் தேவையில்லை. இரண்டுமே மெதுவான சிப்புகள், வேகம் மைக்ரோ செக்கனுக்கு 0.3 வோல்ற் அளவுதான். அந்த மெத்தனத்தால்தான் சத்தத்தின் மேல் விளிம்பு கொஞ்சம் மழுங்கி, காதைக் குத்தாமல் வருகிறது. சிப்பைத் தாண்டியதும் இரண்டு சிலிக்கன் டயோட்டுகள் அலையின் தலையை நறுக்கென்று வெட்டுகின்றன. ‘கரகரப்பு’ அங்கேதான் பிறக்கிறது.

டிஸ்டோர்ஷன் குமிழை முழுதாகத் திறந்தால் மேல் சுரங்களுக்கு ஏறத்தாழ 67 டெசிபல் பெருக்கம், அடி சுரங்களுக்கு 45 டெசிபல் அளவு. அதாவது அடி கொழகொழக்காது. பேஸ் கிற்றாரோடு மோதாமல் நடுவில் நின்று கத்தும். இண்டி பாட்டுகளுக்கு இது நல்ல குணம். மெற்றல் வாசிக்கிறவர்களுக்குப் பிடிக்காமல் போவதும் இதே குணத்தால்தான்.

பலரும் தடுக்கி விழுவது நடுக்குமிழான பில்டரில். இது சாதாரண ரோன் குமிழுக்கு எதிர்ப்பக்கம் வேலை செய்யும். வலப்பக்கம் திருப்பத் திருப்ப மேல் சுரம் வெட்டுப்படும். முழுக்க இடப்பக்கம் வைத்தால் வெட்டும் எல்லை 32 கிலோஹேர்ட்ஸ், நடைமுறையில் எதையும் வெட்டாது. முழுக்க வலப்பக்கம் வைத்தால் 475 ஹேர்ட்ஸ், போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் இருக்கும். ‘றட் கீச்சிடுகிறது’ என்று குறை சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் அது அடங்க வேண்டுமென்று குமிழை இடப்பக்கம் திருப்பியவர்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: டிஸ்டோர்ஷன் கூடக்கூடச் சிப்பே மேல் சுரத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். ஆகவே டிஸ்டோர்ஷன் 9 மணியில் (குமிழின் கோட்டைக் கடிகார முள்ளாக எண்ணுங்கள்) நிற்கும்போது பில்டரை 1 மணிக்குக் கொண்டுபோக வேண்டும். டிஸ்டோர்ஷன் 3 மணிக்குப் போனால் பில்டரை 11 மணிக்குத் திருப்பிவிட வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றதையும் தொட்டே ஆகவேண்டும்.

இனிப் பாட்டுகளுக்கு வருவோம். இந்தப் பெட்டி யாருடையது என்று கேட்டால் பிளரின் கிற்றார்காரர் கிரஹாம் கொக்ஸனுடையது என்பதுதான் பதில். 1995 ஓகஸ்ட்டில் ஒயாசிஸோடு ஒரே நாளில் பாட்டு வெளியிட்டு முதலிடத்துக்கு மோதியபோது பிளரிடம் கேட்ட கிற்றார்ச் சத்தம் அல்ல இது. அந்த ஆரவாரத்தில் சலித்துப்போய், கொக்ஸன் அமெரிக்க இண்டி குழுக்களின் பக்கம் காதைத் திருப்பிய பிறகு, 1997 இல் குழுவின் பெயரிலேயே வந்த இசைத்தட்டில் கேட்கிற கிற்றார். ‘சோங் 2’ அதில்தான் இருக்கிறது. இரண்டு நிமிடம் இரண்டு செக்கன் ஓடுகிற பாட்டு, இசைத்தட்டில் இரண்டாவது, பிரித்தானியப் பட்டியலிலும் இரண்டாம் இடம். பிளரின் முழுப் பட்டியலிலும் கிற்றாருக்காகக் கேட்க வேண்டிய இசைத்தட்டு இதுவும் 1999 இல் வந்த ‘13’ உம்தான். அவர்களுடைய ‘பார்க்லைப்’ இசைத்தட்டின் பிரியர்கள் கோபிக்கட்டும்.

‘சோங் 2’ வாசிக்கிறவர்கள் செய்கிற வழக்கமான பிழை, தொடக்கத்திலிருந்தே பெடலை அழுத்துவது. தொடக்கக் கிற்றார் மெல்லியது, அழுக்குக் குறைந்தது. பல்லவி வெடிப்பதே அந்த வித்தியாசத்தால்தான். பல்லவியின் கனத்தில் பெரும்பங்கு பேஸ் கிற்றாரின் டிஸ்டோர்ஷனுக்கு உரியது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். பேஸ்காரர் சுத்தமான சத்தத்தில் வாசித்துக்கொண்டிருக்க, கிற்றார்காரர் மட்டும் டிஸ்டோர்ஷனை ஏற்றிக்கொண்டு போனால் சத்தம் மெலியுமே தவிர தடிக்காது. ஒரே ஒரு றட்தான் குழுவில் இருக்கிறது என்றால் இந்தப் பாட்டுக்கு அதைப் பேஸ்காரரிடம் கொடுத்துப் பாருங்கள். கிற்றாருக்கு அம்பின் (அம்பிளிபயரின்) சொந்த டிரைவ், அதாவது அதன் கரகரப்பு, போதும்.

கிற்றாருக்கே வைப்பதானால்: டிஸ்டோர்ஷன் 2 மணி, பில்டர் 11 மணி. வொல்யூம் குமிழைப் பெடல் இல்லாத அளவைவிடச் சற்றுக் கூட வையுங்கள். அது பெரும்பாலும் 9 மணியைத் தாண்டாது. றட் மிகவும் உரத்த பெட்டி. 12 மணியில் வைத்து அழுத்தினால் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கரண்டியைப் போட்டுவிடுவார்கள்.

எலாஸ்டிக்கா குழு 1995 இல் வெளியிட்ட முதலாவது இசைத்தட்டுக்கும் இந்தப் பெட்டி நன்றாகப் பொருந்தும். டிஸ்டோர்ஷன் 10 மணி, பில்டர் 12 மணி, எதிரொலி எதுவும் வேண்டாம், வலக்கையால் தந்தியை உடனுக்குடன் அடக்க வேண்டும். (2000 இல் வந்த அவர்களுடைய இரண்டாவது இசைத்தட்டு ‘த மெனஸ்’. அதன் அட்டையைச் செய்தவர் மாயா அருள்பிரகாசம். அவர் பாடகி எம்.ஐ.ஏ. என்று பெயர் எடுத்தது அதற்குப் பிறகு. நம் ஆட்களில் பலருக்கு இந்தத் தொடர்பு தெரியாது.)

றேடியோஹெட் வாசிப்பதில் கவனம் தேவை. குழுவின் பாடகர் தொம் யோர்க் நீண்ட காலம் வைத்திருந்தது டேர்போ றட் என்ற வேறு வடிவம். அதில் சிலிக்கன் டயோட்டுக்குப் பதில் எல்ஈடி இருப்பதால் அலை தாமதமாக வெட்டுப்படும், சத்தம் இன்னும் திறந்து இருக்கும். ‘கிரீப்’ பாட்டில் பல்லவிக்கு முன் வருகிற அந்த இரண்டு வெட்டு, குழுவின் கிற்றார்காரர் ஜொனி கிரீன்வுட்டின் கை. அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது மார்ஷல் ஷ்ரெட்மாஸ்டர் என்ற வேறு பெட்டி. றட் 2 இல் அதற்குக் கிட்டப் போகலாம்: டிஸ்டோர்ஷன் 3 மணி, பில்டர் 10 மணி. ஆனால் அந்த இடத்தில் தந்தியை இடக்கையால் முழுதும் அமர்த்தி அடிப்பதுதான் முக்கியம், பெடல் அடுத்த விஷயம்.

மை பிளடி வலண்டைன் குழுவினுடையது போன்ற மூடுபனிச் சத்தத்துக்கு வழி இருக்கிறது, வரிசையை மாற்ற வேண்டும். வழக்கமாகத் டிஸ்டோர்ஷன் முதலில், எதிரொலி பிறகு. அந்தக் குழுவின் கிற்றார்காரர் கெவின் ஷீல்ட்ஸ் பயன்படுத்தியது யமஹா எஸ்பிஎக்ஸ்90 போன்ற கருவிகளின் தலைகீழ் எதிரொலி. கையில் சிறிய மல்ட்டி இபெக்ற் (பல பெடல்களின் வேலையைச் செய்யும் ஒரே கருவி) இருந்தால் அதில் ‘ரிவேர்ஸ் ரிவேர்ப்’ஐத் தெரிவுசெய்து, எதிரொலி சேராத நேர்ச் சத்தத்தைப் பூச்சியமாக்கி, அதை றட்டுக்கு முன்னே வையுங்கள். றட்டில் பில்டர் 2 மணி. கிற்றாரில் ரெமலோ தண்டு (தந்திகளின் சுருதியை அசைக்கும் கைப்பிடி) கட்டாயம்: அதைக் கையில் பிடித்தபடியே கோட்களை அடிக்க வேண்டும். பெண்டர் ஸ்ராற்றோகாஸ்டர் கிற்றாரின் மலிவான நகல்களில் இப்படி அரை மணி நேரம் வாசித்தால் சுருதி போய்விடும். நட்டின் (கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் கட்டையின்) வெட்டுகளில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டால் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

ஒயாசிஸுக்கு இதை வாங்க வேண்டாம். அந்தச் சத்தம் வால்வ் அம்பை உரக்கத் திறந்து, கிற்றாரை அடுக்கடுக்காகப் பதிவுசெய்து கட்டிய சுவர். ஒரு கிற்றாரும் ஒரு றட்டும் அதைக் கட்டாது.

ஸ்மித்ஸ் பாட்டுகளுக்கு இந்தப் பெட்டியைப் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அந்தக் குழுவின் ஜொனி மாரின் கிற்றார் டிஸ்டோர்ஷனால் ஆனதே அல்ல. கம்ப்ரெசர் (சத்த அளவைச் சமப்படுத்தும் பெடல்), கோரஸ் (ஒரு கிற்றாரைப் பலதாகக் கேட்க வைக்கும் பெடல்), சுத்தமான அம்ப், விரல்களின் ஒழுங்கு, இவ்வளவுதான். ‘ஹவ் சூன் இஸ் நவ்?’ பாட்டின் அந்த நடுங்கும் கிற்றார்கூட நான்கு பெண்டர் ட்வின் ரிவேர்ப் அம்புகளின் ரெமலோவை (சத்த அளவை நடுங்க வைக்கும் வசதியை)க் கையாலேயே தாளத்துக்குப் பிடித்து வைத்து எடுத்தது. ஸ்மித்ஸ்தான் முக்கியம் என்றால் றட்டின் விலைக்கு ஒரு கோரஸ் வாங்குவது மேல்.

எங்கள் ஊரில் பெரிய சிக்கல் அம்ப். இசைக்குழுக்களிடம் இருப்பது கீபோர்ட் அம்ப் அல்லது நேரே மிக்சர். கிற்றார் அம்பின் ஸ்பீக்கர் 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் அனேகமாக ஒன்றையும் விடாது. மேடை ஸ்பீக்கர் எல்லாவற்றையும் விடும். அதனால் றட்டை நேரே மிக்சரில் செருகினால் தகரப் பேணிக்குள் அடைபட்ட வண்டின் சத்தம்தான் வரும். பெடலில் குறையில்லை. மல்ட்டி இபெக்ற்றில் கிற்றார் அம்பின் ஸ்பீக்கரைப் போலச் சத்தத்தை வடிகட்டும் ‘கபினெற்’ மாதிரி ஒன்று இருக்கும், றட்டுக்குப் பின்னால் அதை மட்டும் இயக்கி மிக்சருக்கு அனுப்புங்கள். அதுவும் இல்லையென்றால் பில்டரை 3 மணிக்குத் தள்ளி, மிக்சரில் அந்தச் சானலின் ‘ஹை’ குமிழை முழுதாக இறக்குங்கள். அழகாக இராது, ஆனால் காது தப்பும்.

அடுத்தது இரைச்சல். 67 டெசிபல் பெருக்கம் என்றால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் உறுமலும் அதே அளவு பெருகும். சிங்கிள் கோயில் (ஒற்றைக் கம்பிச்சுருள் பிக்கப்) கிற்றாராயின் மின்விசிறி ரெகுலேற்றர்தான் முதல் எதிரி. விசிறியை நடு வேகத்தில் விட்டால் ‘ர்ர்ர்’ என்று வரும், முழு வேகத்திலோ நிறுத்தியோ விட்டால் பெரும்பாலும் போய்விடும். ரியூப் லைற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிற்றார் சரி, அறையில்தான் குழப்பம். தொட்டதும் கூடினால் நிலத்தொடுப்பு (ஏர்த்) இணைப்பு எங்கோ விட்டிருக்கிறது. பழைய வீடுகளில் இது சாதாரணம். அங்கே வாசிப்பதை நிறுத்திவிட்டு மின்வேலைக்காரரைக் கூப்பிடுங்கள், இது சத்தத்தோடு முடிகிற பிரச்சினை இல்லை.

அடாப்டர் விஷயத்தில் இன்னும் கவனம். றட் 2 கேட்பது 9 வோல்ற், நடுமுனை எதிர் (நெகற்றிவ்). வீட்டில் கிடக்கிற வைபை ரூற்றர் அடாப்டரின் முனை அளவில் இதற்குள் சரியாகப் போகும், ஆனால் அதில் நடுமுனை நேர் (பொசிற்றிவ்), பல 12 வோல்ற். செருகினால் உள்ளே சின்ன மின்தடை (ரெசிஸ்டர்) ஒன்று கருகும். அடாப்டரின் முதுகில் அச்சிட்ட வட்டப் படத்தைப் பார்க்காமல் எதையும் செருக வேண்டாம். பெட்டி எடுக்கிற மின்னோட்டம் சில மில்லி அம்பியர்தான், ஆகவே நல்ல அல்கலைன் 9 வோல்ற் பற்றரி ஒன்று நீண்ட நாள் வரும். கரண்ட் கட்டுக்கும் அதுவே வசதி. வாசித்து முடிந்ததும் இன்புட் கேபிளைக் கழற்றுங்கள். கேபிள் செருகியிருக்கும்வரை, சுவிட்ச் அணைந்திருந்தாலும் பற்றரி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். உவர்மலையில் இருந்தாலும் நிலாவெளியில் இருந்தாலும் உப்புக்காற்று பெட்டிக்குள் போகத்தான் போகிறது. இரும்புப் பெட்டியின் பூச்சு நல்லது, ஆனால் அடித்தட்டின் ஆணிகளும் ஜாக்குகளும் துருப்பிடிக்கும். முதலில் தெரிகிற அறிகுறி, சத்தம் விட்டுவிட்டு வருவது. பலர் உடனே சுவிட்ச் போய்விட்டது என்று முடிவுகட்டுவார்கள். கேபிளைப் பத்துப் பதினைந்து தரம் செருகி இழுத்தாலே ஜாக்கின் படலம் உரசிப் போய்ச் சரியாகும். பிறகு ஐசோபுரோபைல் அல்ககோலைப் பஞ்சுக் குச்சியில் நனைத்துத் துடையுங்கள். குமிழ் திருப்பும்போது கரகரத்தால் எலக்ரோனிக்ஸ் கடையில் கிடைக்கும் கொன்ராக்ற் கிளீனரைத் துளி விட்டு இருபது தரம் இரு பக்கமும் திருப்பவும். கதவுப் பிணைச்சலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், அதில் தூசி ஒட்டி இரண்டு மாதத்தில் இன்னும் மோசமாகும். கடற்கரையில் வாசித்த இரவே பெட்டியை உலர்ந்த துணியால் துடைத்து, மூடி இறுகிய பிளாஸ்ரிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். மாரியில் வாடை வீசும் மாதங்களில் இது தப்பக்கூடாது.

விலை அதிகமாகத் தெரிந்தால் மூவர் நிறுவனத்தின் ‘பிளக் சீக்ரெற்’ இருக்கிறது. றட்டின் நகல்தான், அளவில் மூன்றில் ஒன்றுகூட வராது, டேர்போ வகைச் சத்தத்துக்கும் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. பற்றரிக்கு இடமில்லை என்பதால் கரண்ட் போனால் அதுவும் போகும். மேடையில் காலால் தேடி அழுத்தவும் சிரமம். வீட்டுக்கு அது, வெளியே வாசிக்கப் போகிறவருக்கு றட் 2.

பழையது வாங்குவதானால் கையில் எடுத்ததும் முதலில் மின்சார ஜாக்கைப் பாருங்கள். பழைய றட்களில் அது 3.5 மில்லிமீற்றர், ஹெட்போன் முனை போன்றது, முனை நேர்மின். இப்போதைய அடாப்டர் அதில் நேரே போகாது, மாற்றுக் கேபிள் தனியாகச் செய்விக்க வேண்டும். அடுத்து பில்டர் குமிழை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திருப்பிக் கேளுங்கள். நடுவில் எங்காவது சத்தம் அறுந்தால் அந்தக் குமிழின் உட்பகுதியை மாற்ற வேண்டிவரும். கடையில் கேட்க வேண்டியது 100 கிலோ ஓம், லொக் வகை. விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள்.