10581-ஆ, 1933-ஆ?

தெருமுனையில் கஞ்சா பொட்டலம் கைமாறுகிறது, யாரிடம் சொல்வது? புகார் சொல்ல இரண்டு தொலைபேசி எண்கள் உண்டு: 10581, 1933.

செலவு: இரண்டுக்கும் அழைப்பு இலவசம்.

யார் கையில்: 10581 தமிழ்நாடு மதுவிலக்கு அமலாக்கப் பிரிவுடையது. 1933, மத்திய போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் 'மானஸ்' உதவி எண். 2024 ஜூலையில் வந்தது.

எதற்கு: கள்ளச்சாராயம் என்றால் 10581தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் காவு வாங்கியது. பாக்கெட் சாராயம் கண்ணில் பட்டால் 'நமக்கெதற்கு வம்பு' என்று ஒதுங்காதீர்கள். 1933 போதைப்பொருளுக்கு மட்டும்.

தயக்கம்: 1933இல் பெயர் சொல்லாமலே தகவல் தரலாம். போதையிலிருந்து மீள ஆலோசனையும் கேட்கலாம்.

உள்ளூர் விற்பனைக்கு 10581. மாநிலம் தாண்டி வரும் போதைப்பொருளுக்கும், பிள்ளை பழகிவிட்டானே என்று பதறும் பெற்றோருக்கும் 1933.