கம்பி இருக்கை: இங்கிலாந்து மைதானங்களின் ‘சேஃப் ஸ்டாண்டிங்’ எதைத் தாங்கும், எதைத் தாங்காது?

இங்கிலாந்தின் பெரிய கால்பந்து மைதானங்களுக்கு இன்று டிக்கெட் தேடினால், சில பிளாக்குகளின் பெயருக்குப் பக்கத்தில் ‘சேஃப் ஸ்டாண்டிங்’ என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். உட்காரலாம், விரும்பினால் ஆட்டம் முழுக்க நிற்கலாம் என்று முறையாக உரிமம் பெற்ற பகுதி அது. அங்கே பொருத்தியிருக்கும் சாமானின் பெயர் ‘ரெயில் சீட்’. ரெயில் என்றால் இங்கே கைப்பிடிக் கம்பி. தமிழில் கம்பி இருக்கை என்றே சொல்லிவிடலாம்.

மேல்மட்ட இரண்டு டிவிஷன்களிலும் கால் நூற்றாண்டுக்கு மேல் எல்லாரும் உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2022 ஜனவரியில் செல்சி, டாட்டன்ஹாம், மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட், கார்டிஃப் சிட்டி ஆகிய ஐந்து கிளப்புகளுக்கு மட்டும் சோதனையாக விலக்கு கிடைத்தது. ஜனவரி 2 அன்று ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் நடந்த செல்சி–லிவர்பூல் ஆட்டம்தான் முதல் ஆட்டம். அதே ஆண்டு ஜூலையில் நிபந்தனைகளை நிறைவேற்றும் எல்லாக் கிளப்புகளுக்கும் வழி திறந்தது. ஸ்காட்லாந்தின் செல்டிக் 2016-லேயே இதைப் பொருத்திவிட்டது. ஆன்ஃபீல்டில் லிவர்பூல் 2021-ல் ஏறக்குறைய 7,800 இருக்கைகளை மாற்றியது.

முதலில் சாமானைப் பார்ப்போம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் இருக்கையும் கம்பியும் ஒரே சட்டகத்தில் வரும். இரண்டு நிமிர்ந்த கால்களுக்கு நடுவே மடிப்பு இருக்கை, அதற்கு மேலே இடுப்பளவில் குறுக்குக் கம்பி. இருக்கை மடிந்ததும் கால்களுக்குள் ஒடுங்கிவிடுவதால் வரிசையில் நடக்க இடம் கிடைக்கும். இன்னொன்றில் பழைய பிளாஸ்டிக் இருக்கைகள் அப்படியே இருக்க, அவற்றின் முதுகுப்பக்கம் தனிக் கம்பித் தடுப்பை கான்கிரீட்டில் போல்ட் போட்டு நிறுத்துவார்கள். செலவும் நாளும் குறைவு என்பதால் பழைய கேலரிகளில் இரண்டாவது வகை அதிகம். ஆனால் அங்கே இருக்கைக்கும் கம்பிக்கும் நடுவில் கால் வைக்கும் இடம் சுருங்கும். வரிசையில் மற்றவரைத் தாண்டிப் போகிறவர் பக்கவாட்டில் திரும்பித்தான் நகர வேண்டியிருக்கும். வாய்ப்பிருந்தால் முதல் வகையையே போட வேண்டும் என்பது எங்கள் தீர்ப்பு. டாட்டன்ஹாமின் 2019 மைதானம் கட்டும்போதே இதற்காகத் திட்டமிடப்பட்டதால் அங்கே இந்த நெருக்கடி தெரியாது.

ஜெர்மனியில் லீக் ஆட்டங்களுக்கு இருக்கையை மடித்துப் பூட்டிவிட்டு அதே இடத்தில் கூடுதல் ஆட்களை நிற்க விடும் ஏற்பாடு உண்டு. இங்கிலாந்தில் அது கிடையாது. ஓர் இருக்கைக்கு ஓர் ஆள்தான், இருக்கையைப் பூட்டவும் கூடாது. அதனால் கம்பி இருக்கை போட்டால் டிக்கெட் எண்ணிக்கை கூடும் என்று கணக்குப் போடும் கிளப் ஏமாந்துபோகும்.

இனி இது செய்யும் வேலை. கோல் விழுந்ததும் பின்வரிசை ஆட்கள் துள்ளுகிறார்கள், முன்னால் சாய்கிறார்கள். சாதாரண இருக்கையின் முதுகு முழங்கால் உயரத்தில்தான் இருக்கிறது. உடலின் எடை மையமோ தொப்புளை ஒட்டி இருக்கிறது. எடை மையத்துக்குக் கீழே தடுத்தால் ஆள் நிற்கமாட்டார், குப்புறக் கவிழ்வார். கவிழ்ந்தவர் முன்வரிசைக்காரரின் முதுகில் விழ, அவர் அதற்கும் முன்னால் இருப்பவர் மேல் விழ, சரிவு சீட்டுக்கட்டு போல இறங்கிக்கொண்டே போகும். இடுப்பளவுக் கம்பி அந்தச் சரிவை முதல் வரிசையிலேயே நிறுத்துகிறது. ஒவ்வொரு வரிசையும் தன் எடையை மட்டும் தாங்கினால் போதும். விதி மாறுவதற்கு முன் நடந்த ஆய்வுகளும் இதையே உறுதிசெய்தன. இன்னொரு நன்மையும் தெரிந்தது: இருக்கைகளின் மேல் ஏறித் தாண்டி வெளியேற முடியாததால் ஆட்டம் முடிந்ததும் கூட்டம் ஒரே சீராகக் கலைகிறது. இந்த ஒரு வேலையை கம்பி இருக்கை அபாரமாகச் செய்கிறது. அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

குறைகள் பெரும்பாலும் கம்பிக்கு வெளியே இருக்கின்றன. நண்பர்கள் ஒன்றாக நிற்க ஆசைப்பட்டு வேறு வரிசைக்கு நழுவி வருகிறார்கள். 20 பேருக்கான வரிசையில் 24 பேர் ஆகிவிட்டால், மிச்சம் நாலு பேர் நிற்பது படிக்கட்டுப் பாதையில். அவசரத்தில் எல்லாரும் இறங்க வேண்டிய ஒரே வழி அதுதான். பிளாக்கின் வாசலில் டிக்கெட்டைப் பார்த்து அனுப்பும் பணியாளர் முதல் பாதியில் இருந்து, இடைவேளைக்குப் பின் காணாமல் போனால் இது கட்டாயம் நடக்கும். குட்டையானவர்களுக்கும் சிறுவர்களுக்கும் முன்னால் நிற்பவரின் தோள்தான் தெரியும், ஆட்டம் தெரியாது. சக்கர நாற்காலிக்காரர்களின் இடம் நிற்கும் பகுதிக்குப் பின்னால் அமைந்துவிட்டால் அவர்கள் கொடுத்த காசு வீண். உரிம நிபந்தனையே அவர்களின் பார்வை மறையக்கூடாது என்கிறது. கிளப்பிடம் துணிந்து கேளுங்கள். பராமரிப்பில் முதலில் கவனிக்க வேண்டியது போல்ட். பழைய கான்கிரீட்டின் ஓரத்துக்கு மிக அருகில் துளை போட்டால் விளிம்பு பிளக்கும். பொருத்திய பிறகு பளு வைத்துச் சோதித்த ஆவணம் இருக்க வேண்டும், அதை மறுபடி மறுபடி சோதிக்கவும் வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு இதை விற்கும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1989-ல் 97 உயிர்களைப் பறித்த ஹில்ஸ்பரோ மைதான நெரிசலைச் சுட்டி, “ஹில்ஸ்பரோ இனி நடக்காது” என்ற தொனியில் இதைப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை ஏற்க முடியவில்லை. ஹில்ஸ்பரோவில் என்ன நடந்தது என்பதை ஒவ்வொரு அடியாகப் பார்த்தால் காரணம் புரியும்.

1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டு. எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, லிவர்பூலும் நாட்டிங்காம் ஃபாரஸ்டும். லெப்பிங்ஸ் லேன் பக்கம் நின்று பார்க்க டிக்கெட் வாங்கிய லிவர்பூல் ரசிகர்கள் 10,100 பேர். அவர்களுக்கு ஒதுக்கிய சுழல்கதவுகள் 7. இன்றைய பிரிட்டிஷ் பாதுகாப்பு வழிகாட்டியின்படி ஒரு சுழல்கதவில் மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்கிடக்கூடாது. ஏழுக்கும் சேர்த்து 4,620. ஆக எல்லாரும் உள்ளே போக 2 மணி 10 நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் ஒரு கதவும் ஒரு நொடியும் நிற்காமல் சுழன்றால். ஆட்டத்துக்கு அரைமணி நேரம் முன்பு வாசலில் நெரிசல் முற்றியதற்கு வேறு மர்மம் தேவையில்லை. பெருக்கல் தெரிந்தால் போதும்.

2:52-க்கு வெளியேறும் வாயிலான ‘கேட் சி’-யைத் திறக்க அன்றைய காவல் பொறுப்பாளர் டேவிட் டக்கன்ஃபீல்டு உத்தரவிட்டார். ஏறக்குறைய 2,000 பேர் உள்ளே நடந்தார்கள். கண்ணெதிரே ஒரு சுரங்கப் பாதை, செங்குத்தான சரிவு. அது நேராக, வேலியால் பிரித்த நடு அடைப்புகளான 3, 4-க்குள் கொண்டுபோய் விட்டது. அவை ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. பக்கத்து அடைப்புகளில் தாராளமாக இடம் இருந்தது. சுரங்க வாயை மூடி ஆட்களைப் பக்கவாட்டில் திருப்ப ஒருவரையும் நிறுத்தவில்லை. 3-ஆம் அடைப்பில் தடுப்புக் கம்பி ஒன்று உடைந்து விழுந்தது. முன்னால் உயரமான வேலி, அதில் குறுகலான சிறு கதவுகள். ஆட்டம் 3:06-க்கு நிறுத்தப்பட்டது. மூச்சுவிட மார்பு விரிய இடமில்லாமல் பலர் நின்றபடியே இறந்தார்கள். கடைசியாக 2021-ல் ஒருவர் அன்றைய காயங்களின் விளைவாக இறந்ததோடு எண்ணிக்கை 97.

இந்தச் சங்கிலியில் கம்பி இருக்கை எங்கே வருகிறது? அடைப்புக்குள் மட்டும்தான். சுழல்கதவு, வாயில், சுரங்கம், வேலி, கட்டுப்பாட்டு அறை எதிலும் அது இல்லை. 3, 4-ஆம் அடைப்புகளில் வரிசைக்கு வரிசை கம்பி இருந்திருந்தாலும், வந்த 2,000 பேரும் படிக்கட்டுப் பாதையிலும் சுரங்க வாயிலும்தான் தேங்கியிருப்பார்கள்.

போட்டி மனப்பான்மைக்கும் இதில் இடம் உண்டு, ஆனால் பலரும் நினைக்கும் இடத்தில் அல்ல. அன்று இரு அணி ரசிகர்களும் ஒருவரையொருவர் தொடவே இல்லை. இரு தரப்பும் மோதிவிடும் என்ற பயம்தான் அந்தக் கேலரியை வடிவமைத்தது. முன்வேலி போட்டது, ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்காமலிருக்க. 1981 அரையிறுதியில் அதே லெப்பிங்ஸ் லேன் பக்கம் நெரிசலில் 38 பேர் காயப்பட்டிருந்தார்கள். அதன் பிறகு குறுக்கு வேலிகள் போட்டு கேலரியைக் கூண்டுகளாகப் பிரித்தார்கள். ஆனால் 1979-ல் கொடுத்த பாதுகாப்புச் சான்றிதழின் கொள்ளளவை யாரும் திருத்தவில்லை. இரு தரப்பும் வழியில் சந்திக்கக்கூடாது என்பதற்காக, ரசிகர் அதிகமுள்ள லிவர்பூலுக்குச் சிறிய பக்கத்தை ஒதுக்கினார்கள். கூட்டத்தைக் கலவரமாகவே பார்த்துப் பழகிய கண்கள், வேலியேறித் தப்பித்தவர்களையும் முதலில் மைதானத்துக்குள் பாய்கிறவர்களாகவே பார்த்தன.

பிறகு பழி. 1989 ஆகஸ்டிலேயே நீதிபதி டெய்லரின் இடைக்கால அறிக்கை, காவல்துறையின் கட்டுப்பாடு தவறியதே முதன்மைக் காரணம் என்றது. ஆனால் அதற்குள் ‘தி சன்’ நாளிதழ் முதல் பக்கத்தில் ரசிகர்கள் மேல் பொய்க் குற்றம் சுமத்தியிருந்தது. 2012-ல் சுயாதீனக் குழு, 164 காவல் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டதையும் அவற்றில் 116-இல் காவல்துறைக்கு எதிரான பகுதிகள் நீக்கப்பட்டதையும் வெளிக்கொண்டு வந்தது. 2016 ஏப்ரல் 26 அன்று வாரிங்டன் விசாரணையில் ஜூரிகள், இவை சட்டவிரோத மரணங்கள் என்றும் ரசிகர்களின் நடத்தை காரணமல்ல என்றும் முடிவு சொன்னார்கள். ஆனால் குற்றவியல் நீதிமன்றத்தில் டக்கன்ஃபீல்டு 2019-ல் விடுவிக்கப்பட்டார். மைதானப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த, ஹில்ஸ்பரோவின் சொந்தக் கிளப்பின் செயலாளர் சுழல்கதவு ஏற்பாட்டில் தவறியதற்காக 6,500 பவுண்டு அபராதம் கட்டினார். இத்தனை உயிருக்கும் நீதிமன்றம் தந்த தண்டனை அவ்வளவுதான். எழுதும்போதே மனம் கொதிக்கிறது.

ரசிகர்களைக் குற்றம் சொல்லும் அந்தப் பொய்தான் இன்றும் எதிரணி கேலரிகளிலிருந்து பாட்டாக வருகிறது. மறுபக்கத்தில், மான்செஸ்டர் யுனைடெட் அணி சிக்கிய 1958 மியூனிக் விமான விபத்தில் இறந்தவர்களை இழித்துப் பாடுகிறார்கள். 2023 மார்ச்சில் லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சியாளர்கள் இருவரும் சேர்ந்து இதை நிறுத்தச் சொல்லிக் கேட்டார்கள். அதே ஆண்டு முதல் இது பொது ஒழுங்குக் குற்றமாக வழக்காகிறது, மைதானத் தடையும் உண்டு. நிற்கும் பகுதி உள்ளூர் ரசிகர், வெளியூர் ரசிகர் இரு தரப்புக்கும் இருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. ஆகவே கிளப்புகள் கம்பிக்குச் செலவழிக்கும்போதே, அங்கே நிற்கும் பணியாளருக்கு இந்தப் பாட்டுகளை அடையாளம் காணவும் சொல்லித்தர வேண்டும்.

வேறு நாடுகள் இந்தச் சாமானை வாங்கும் முன் மாலாங்கை நினைக்க வேண்டும். இந்தோனேசியாவின் மாலாங்கில் உள்ள கஞ்சுருகான் மைதானத்தில் 2022 அக்டோபர் 1 அன்று 135 பேர் இறந்தார்கள். உள்ளூர் கிளப்பான அரேமாவுக்கும் எதிரணியான பெர்செபாயாவுக்கும் பகை கொழுந்துவிட்டு எரியும் ஊர் என்பதால் அன்று பெர்செபாயா ரசிகர்களுக்கு அனுமதியே இல்லை. கேலரியில் இருந்தது அரேமா ரசிகர்கள் மட்டுமே. ஃபிஃபா பாதுகாப்பு விதி கண்ணீர்ப் புகையைத் தடைசெய்கிறது. ஆனால் காவல்துறை கேலரிக்குள்ளேயே அதைச் சுட்டது. மூச்சுத் திணறி ஓடியவர்கள் சரியாகத் திறக்காத குறுகலான கதவுகளில் மாட்டிக்கொண்டார்கள். அங்கே எந்த வகைக் கம்பி இருக்கை போட்டிருந்தாலும் பயனிருந்திருக்காது.

டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு: சிறுவர்களோடு போனால் நிற்கும் பிளாக்கைத் தவிருங்கள். தனியாகப் போனால் படிக்கட்டை ஒட்டிய இருக்கையை விட வரிசையின் நடுவில் எடுப்பது நல்லது, நழுவி வருபவர்களின் தள்ளுமுள்ளு அங்கே குறைவு. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாவது சுழல்கதவைத் தாண்டிவிடுங்கள். உள்ளே போனதும் உங்கள் பிளாக்கின் இரண்டு வெளியேறும் வழிகளையும் பார்த்து வையுங்கள். அவற்றில் ஒன்று பூட்டியிருந்தால் அப்போதே அருகிலுள்ள பணியாளரிடம் சொல்லி, அவர் அதைத் திறந்து காட்டும் வரை நகராதீர்கள்.