இல்லாத ஸ்பிரிங்குக்கு 2,200 ரூபாய்: பழைய ஏர் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் படிக்கவும்

பணம் போனதற்காக மட்டும் இதை எழுதவில்லை. பழுதுபார்த்து வந்த பிஸ்டல், யாரும் ட்ரிகரைத் தொடாமலே என் மகள் கையில் தானாகச் சுட்டுவிட்டது. அதற்காகத்தான் எழுதுகிறேன். பழுதுபார்த்த ஆளின் பெயரையோ கடை இருக்கும் தெருவையோ சொல்லப்போவதில்லை. சேலத்துக்காரர், வீட்டு முன்னறையில் வேலை பார்ப்பவர், பேச்சில் கெட்டிக்காரர். இதற்குமேல் அடையாளம் வேண்டாம்.

துப்பாக்கி என்றதும் பதற வேண்டியதில்லை. இது 10 மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கைக் காற்றழுத்தத்தால் சுடும் போட்டி ஏர் பிஸ்டல். 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு. இலக்கின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. நான் வைத்திருப்பது ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரில் தயாரான இஷ் 46எம். என்னோடு சுட்டுப் பழகிய ஒரு பெரியவர் பார்வை மங்கியதும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கொஞ்சம் முரட்டுத் தோற்றம், ஆனால் நெஞ்சுக்கு நெருக்கமான பொருள். அடியிலிருக்கும் நெம்புகோலை முன்னால் இழுத்தால் காற்று உள்ளே போகும், திருப்பி மூடினால் அழுந்தும். ஒரு தடவை மூடினால் ஒரு குண்டு. சிலிண்டர் வேண்டாம், பம்பு வேண்டாம். இப்போதைய பிஸ்டல்களில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த சிலிண்டர் இருக்கும். அதன் செல்லுபடி தேதி முடிந்துவிட்டால் புதிது வாங்க வேண்டும். அந்தச் செலவை நினைத்துத்தான் மகளுக்கு இதையே பழக்கினேன்.

சென்ற கோடையில் குண்டுகள் இலக்கின் கீழ்ப்பக்கமாகவே விழத் தொடங்கின. நெம்புகோலை மூடும்போது கைக்கு வழக்கமான கனமும் தெரியவில்லை. வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன். குண்டு போடாமல், குழலின் பின்வாய்ப் (குண்டு போடும் இடம்) பக்கம் மெல்லிய டிஷ்யூ தாளைப் பிடித்துச் சுட்டேன். தாள் படபடத்தது. அந்த இடத்து ரப்பர் வளையம் இறுகிப்போய்க் காற்று கசிகிறது என்று புரிந்தது. சாப்பாட்டு மேசையில் எவர்சில்வர் தாம்பாளத்தை வைத்து, திருகு ஒன்றும் உருண்டோடாமல் அதற்குள்ளேயே கழற்றினேன். மனைவி பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். பழைய வளையத்தை வெர்னியரில் அளந்து, லீ பஜார் பக்கம் போய் அதே அளவில் நைட்ரில் ஓ-ரிங் வாங்கிப் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். இருபது, முப்பது ரூபாய் சமாச்சாரம். காற்றை அழுத்தும் பிஸ்டனின் சீலையும் (கசியாமல் அடைக்கும் வளையம்) தொட வேண்டுமோ என்ற தயக்கம் வந்ததால், பிரித்த பாகங்களை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு அந்த ஆளிடம் போனேன். புகைப்படம் எடுத்து வைக்கவில்லை. என்ன கொடுத்தேன் என்று ஒரு வரி எழுதி வாங்கவில்லை. இந்த இரண்டும் என் தவறு, யார் தலையிலும் போடவில்லை.

அவர் பிஸ்டலைக் கையில் வாங்கியதுமே, “சீல் மட்டும் மாற்றினால் என்ன சார் பிரயோசனம்? மொத்தமாக அப்கிரேட் செய்து தருகிறேன். வேகம் கூடும், ட்ரிகர் பூப்போல இருக்கும்” என்றார். 10 மீட்டரில் வேகம் எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். இந்த பிஸ்டலில் குண்டு நொடிக்கு 140 மீட்டர் வாக்கில் போகும், ஆற்றல் ஏறக்குறைய 5 ஜூல். தாளில் ஓட்டை போட அது தாராளம். இலக்குச் சுடுதலில் வேண்டியது ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் போவதுதான். வேகத்தைக் கூட்டுகிறேன் என்பவரிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இத்தகைய ஏர் கன்களுக்கு 20 ஜூல் என்று ஒரு கோடு போட்டிருக்கின்றன, அதைத் தாண்டினால் உரிமம் வேண்டும். என் பிஸ்டல் அந்தப் பக்கமே போகாது என்பது வேறு விஷயம். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தெரியாதவரிடம் கொடுத்தேனே!

மூன்று வாரம் இழுத்தடித்து, 6,800 ரூபாய் வாங்கினார். ‘இறக்குமதி சீல்’, ‘ட்ரிகர் பாலிஷ்’, ‘ஜெர்மன் ஸ்பிரிங் 2,200’ என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார். தாளைத் தரவில்லை, மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். ஃபைன்வெர்க்பாவ் 65 போன்ற மாடல்களில் பிஸ்டனை உந்துவது ஸ்பிரிங்தான், அங்கே அது தளர்ந்தால் மாற்றுவார்கள். என்னுடைய வகையில் குண்டை உந்துவது நாம் நெம்புகோலால் அழுத்திய காற்று. உள்ளே சில குட்டி ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. ஆனால் 2,200 ரூபாய்க்கு மாற்றும்படி அதில் ஒன்றும் கிடையாது. முப்பது வருடம் இந்தப் பொருளோடு புழங்கிய நான் ‘ஜெர்மன்’ என்ற சொல்லைக் கேட்டுத் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

முதல் நான்கு நாள் நன்றாகத்தான் சுட்டது. ட்ரிகர் உண்மையிலேயே பூப்போல இருந்தது. ஐந்தாம் நாள் பயிற்சி அரங்கில் மகள் குண்டைப் போட்டுப் பின்வாயை மூடினாள். அந்த அதிர்விலேயே வெடித்துவிட்டது. விரல் ட்ரிகர் பக்கமே இல்லை. குழல்வாய் எப்போதும் இலக்குப் பக்கம் இருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் முதல் நாளிலேயே மண்டையில் ஏற்றியிருந்ததால், குண்டு இலக்குக்குக் கீழே பலகையில் போய்ப் பதிந்தது. “அப்பா, நான் தொடவே இல்லை” என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான்தான் முதலில் நம்பவில்லை. அதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

பயிற்சியாளர் சோதனை எடையைக் கொண்டுவந்தார். ஏர் பிஸ்டலின் ட்ரிகருக்குக் குறைந்தது 500 கிராம் இழுவை இருக்க வேண்டும் என்பது சர்வதேசப் போட்டி விதி. குழலை மேல்நோக்கி நிறுத்தி, ட்ரிகரில் எடையை மாட்டித் தூக்குவார்கள். எடை தரையை விட்டு எழ வேண்டும், ட்ரிகர் விழக்கூடாது, அதாவது பிஸ்டல் சுட்டுவிடக்கூடாது. எங்கள் பிஸ்டலில் எடை அசைவதற்கு முன்பே ‘டக்’. மூன்று தடவையும் அதே. போட்டிக்குக் கொண்டுபோயிருந்தால் கருவிச் சோதனையிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அன்றிரவு மறுபடியும் தாம்பாளம், மறுபடியும் சாப்பாட்டு மேசை. ‘இறக்குமதி சீல்’ என்றது கொஞ்சம் பெரிய வளையம் ஒன்றை பிளேடால் சுற்றிச் செதுக்கியது. ஓரம் பல் பல்லாக இருந்தது. அதன்மேல் வண்டிக்குப் போடும் கிரீசை அப்பியிருந்தார். எந்த ரப்பர் என்று தெரியாமல் கிரீஸ் போடக்கூடாது. சில வகை ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்துவிடும். பிறகு ட்ரிகர் தொகுப்பைப் பிரித்தேன். ட்ரிகரை இழுக்கும்வரை உள்ளிருக்கும் சுத்தியலைத் தடுத்து நிறுத்தும் கொக்கியின் நுனி பளபளவென்று மின்னியது. அரத்தால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு மெருகேற்றியிருந்தார். இழுவையைக் கூட்டிக் குறைக்க அந்த பிஸ்டலிலேயே திருகு இருக்கிறது. திருகைத் திருப்புவதற்குப் பதில் எஃகைத் தேய்த்திருக்கிறார்.

செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்காரர் இருக்கிறார். கொலுசுப் பட்டறைகளுக்கு அச்சு செய்து கொடுப்பவர், நூலிழை கணக்கில் வேலை பார்ப்பவர். கொக்கியைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். “இதை நான் தொடமாட்டேன் சார். இந்த மாதிரிப் பாகத்துக்குப் பெரும்பாலும் மேல்தோலைத்தான் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். அந்தத் தோல் போய்விட்டது. இன்றைக்குச் சரி செய்தாலும் நாளைக்குத் தேயும். வெள்ளியாக இருந்தால் உருக்கி வார்த்துவிடலாம், இது அப்படி இல்லையே” என்றார். கூலி கேட்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அவர் சொன்னதைவிடத் தொட மறுத்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்பவரிடம் பொருளை நம்பிக் கொடுக்கலாம்.

பழுதுபார்த்த ஆளிடம் போய்க் கேட்டேன். “போட்டிக்குப் போகிறவர்கள் எல்லோரும் லேசாகத்தான் கேட்பார்கள் சார். உங்கள் பெண்ணுக்குத்தான் கை பழகவில்லை” என்றார். ஸ்பிரிங்கைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். “பில் இருக்கிறதா?” என்று என்னையே கேட்டார். பழைய சீல்களையாவது கொடுங்கள், அளவுக்காவது ஆகும் என்றேன். குப்பையில் போட்டாயிற்றாம்.

இப்போது அசல் கொக்கிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வரும்வரை பிஸ்டல் பூட்டிய பெட்டியில் இருக்கும், மகள் அரங்கின் பிஸ்டலில் பழகுகிறாள். சீல்களை நானே மாற்றிவிட்டேன். ஒரு மாலை வேலைகூட இல்லை. நெம்புகோல் பழையபடி கனமாக மூடுகிறது. மூடிவைத்து ஐந்து நிமிடம் கழித்துக் குண்டு போடாமல் சுட்டாலும் அதே ஓசை, டிஷ்யூ தாள் அசைவதில்லை. உங்கள் பிஸ்டலைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பாகம் பாகமாகப் படமெடுத்து, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். திரும்பி வந்ததும் குண்டு போடாமல், குழலைப் பாதுகாப்பான பக்கம் காட்டி, பின்வாயைப் பத்துத் தடவை அழுத்தி மூடிப் பாருங்கள். ஒரு தடவை தானாக விழுந்தாலும் குண்டு போட வேண்டாம்.

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் போனில் இதைச் சொல்லி முடித்ததும், அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “என் பிஸ்டலும் அங்கேதான் இருக்கிறது, போன வாரம் கொடுத்தேன்” என்றார். மறுநாள் முதல் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்துவிட்டார். நல்லவேளை, அதை இன்னும் பிரிக்கவே இல்லை.