கார்டிசெப்ஸா, ரெய்ஷியா? காம்ரேட்ஸ் ஓடுகிறவர்களுக்கு ஒரு அலசல்

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்துக்கான பயிற்சி சூடுபிடித்ததும் டர்பனில் நம்மவர்கள் ஓடும் இடங்களில் எல்லாம் ஒரு கேள்வி வந்துவிடும்: “அண்ணா, எந்தக் காளான் மாத்திரை நல்லது?” டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். 12 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். வழியில் வரும் இஞ்சாங்கா மேட்டில் கால் மரத்துப்போனவர்கள், தெம்பு தரும் என்று யார் எதைச் சொன்னாலும் காது கொடுக்கத்தான் செய்வார்கள். மருந்துக்கடை அலமாரியில் கார்டிசெப்ஸ், ரெய்ஷி, லயன்ஸ் மேன், சாகா நான்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நான்குக்கும் வேலை வேறு, ஆதாரமும் வேறு.

ஓட்டத்துக்கென்றே பேர் வாங்கியது கார்டிசெப்ஸ். திபெத் பீடபூமியிலும் இமயமலையிலும் மண்ணுக்குள் வாழும் அந்துப்பூச்சிப் புழுவைத் தின்று தீர்த்து, அதன் தலையிலிருந்து முளைக்கும் பூசணம் இது. 1993இல் சீனாவின் வாங் ஜுன்சியா 10,000 மீட்டரை 29 நிமிடம் 31.78 வினாடியில் ஓடி, அதுவரை இருந்த உலக சாதனையை 40 வினாடிக்கு மேல் குறைத்தார். ஆமை ரத்தமும் இந்தப் பூசணமும்தான் காரணம் என்றார் பயிற்சியாளர் மா ஜுன்ரென். கார்டிசெப்ஸ் உலகம் முழுக்கப் பேசப்பட்டது அப்போதுதான். ஆனால் 2000 சிட்னி ஒலிம்பிக்ஸுக்கு முன் மா ஜுன்ரென்னின் ஓட்டக்காரர்கள் பலர் சீன அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஊக்கமருந்து கொடுக்கப்பட்டதாக வாங் ஜுன்சியாவும் அவருடைய அணித் தோழிகளும் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் 2016இல் செய்திகளில் அடிபட்டது. ஆகவே அந்தச் சாதனையைக் காட்டி யாராவது மாத்திரை விற்றால் நம்பாதீர்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2004இல் வெளியான ஒன்றில், நன்கு பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்கள் தினம் 3 கிராமுக்கு மேல் 5 வாரம் எடுத்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. 2010இல் வெளியான இன்னொன்றில் 50 முதல் 75 வயதுக்காரர்கள் 12 வாரம் எடுத்தார்கள். கடுமையாக உழைக்கும்போது உடம்பில் உருவாகும் லாக்டேட் சேரத் தொடங்கும் எல்லை அவர்களுக்கு 10.5 சதவீதம் தள்ளிப்போனது. உடல் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் உச்ச அளவு மட்டும் அசையவில்லை. 2017இல் வந்த ஆய்வில் கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ் என்ற இன்னொரு வகை கலந்த காளான் பொடியை தினம் 4 கிராம் கொடுத்தார்கள். அந்த உச்ச அளவு 1 வாரத்தில் உயரவில்லை, 3 வாரத்தில் உயர்ந்தது. ஆனால் 3 வாரம் தொடர்ந்தவர்கள் வெகு சிலரே.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், ஐம்பதைத் தாண்டி இப்போதுதான் ஓடத் தொடங்கிய ஒருவருக்குக் கார்டிசெப்ஸ் கொஞ்சம் கைகொடுக்கலாம். பல வருடம் ஓடி உடம்பைப் பழக்கியவருக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. பந்தய வாரத்தில் அவசரமாக வாங்கி விழுங்குவது யாருக்குமே வீண்செலவு.

ரெய்ஷி மரக்கட்டை போலக் கெட்டியானது, கடுங்கசப்பு. களைப்புக்கு இது உதவியதாக வந்த ஆய்வுகள் பெரும்பாலும் நோயாளிகளிடம் செய்தவை. நரம்புத் தளர்ச்சி உள்ள 132 பேர் 8 வாரம் எடுத்தபோது சோர்வு குறைந்தது. ஃபைப்ரோமயால்ஜியா என்னும் நாள்பட்ட உடம்பு வலியுள்ள பெண்கள் தினம் 6 கிராம் 6 வாரம் எடுத்தபோது தாக்குப்பிடிக்கும் திறன் கூடியது. நல்ல உடம்போடு ஓடுகிறவருக்கு இதில் என்ன கிடைக்கும் என்று சொல்ல எனக்குத் தெரிந்தவரை எந்த நல்ல ஆதாரமும் இல்லை. அதோடு ரெய்ஷி ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியது. நம் சமூகத்தில் சர்க்கரையும் இதய நோயும் எவ்வளவு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. வார்ஃபரினோ ஆஸ்பிரினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ரெய்ஷியைத் தொடவே கூடாது.

லயன்ஸ் மேன் ஞாபக சக்திக்காக ஆராயப்பட்டது. கால்களுக்கு வாங்க வேண்டாம்.

சாகாவைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடிய ஆக்சலேட் அதில் மிக அதிகம். ஜப்பானில் 72 வயதுப் பெண் ஒருவர் தினம் 4, 5 தேக்கரண்டி சாகாப் பொடியை 6 மாதம் சாப்பிட்டுச் சிறுநீரகத்தையே இழந்தார். நீண்ட ஓட்டத்தில் உடம்பு தண்ணீர் வற்றிக் கிடக்கும், பலர் நடுவழியில் வலி மாத்திரையும் போடுகிறார்கள். ஏற்கெனவே தவிக்கும் சிறுநீரகத்துக்கு இந்தச் சுமையும் வேண்டாம்.

அப்புறம் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது தனிக் கதை. அமெரிக்காவில் 19 ரெய்ஷித் தயாரிப்புகளைச் சோதித்ததில் 5 மட்டுமே லேபிளோடு ஒத்துப்போனதாக 2017இல் எழுதினார்கள். தானியத்தில் வளர்த்த பூசண இழையைத் தானியத்தோடு சேர்த்து அரைத்து விற்பதும் உண்டு. கார்டிசெப்ஸ் மாத்திரை ஒன்றைத் திறந்து பொடியைத் தட்டில் கொட்டுங்கள். மிலிட்டாரிஸ் காளானின் பொடி ஆரஞ்சு நிறம். வெளிர் மாவாக இருந்தால் வீட்டிலிருக்கும் அயோடின் டிங்சரை ஒரு சொட்டு விடுங்கள்; கருநீலமாக மாறினால் மாவுச்சத்துக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். நம் நாட்டுப் புட்டிகளில் சின்ன எழுத்தில், பதிவு செய்யப்படாத இந்த மருந்தின் தரத்தையும் பாதுகாப்பையும் பயனையும் சாப்ரா (தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) மதிப்பிடவில்லை என்று அச்சடித்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். பந்தயத்தில் ஊக்கமருந்துச் சோதனைக்கு நிற்கக்கூடியவர்கள் கவனிக்க: இந்தக் காளான்கள் தடைப் பட்டியலில் இல்லை, ஆனால் மாத்திரையில் தடை செய்த பொருள் கலந்திருந்தால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. தயாரிப்புத் தொகுதி (batch) ஒவ்வொன்றையும் சோதித்ததற்கான முத்திரை இல்லாததை வாங்காதீர்கள்.

இவற்றுக்குப் போட்டியாக நான் வைப்பது காபியை. உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் கஃபீன், ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன். 60 கிலோ உள்ளவருக்கு 180 மில்லிகிராமே போதும், நல்ல திடமான காபி இரண்டு கப். இதற்கு இருக்கும் ஆதாரத்தின் பக்கத்தில் நான்கு காளானும் வர முடியாது. நெஞ்சு படபடப்பவர்கள் மட்டும் தவிர்க்கலாம்.

களைப்பு மாதக்கணக்கில் விடவில்லை என்றால் காளானும் வேண்டாம், காபியும் வேண்டாம். முதலில் ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, தைராய்டு, சர்க்கரை. புரட்டாசி ஒரு மாதச் சைவத்தால் பி12 குறைந்துவிடாது. ஆனால் வருடக்கணக்கில் சைவமாக இருப்பவர்களுக்கும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் குறையலாம். மாதவிலக்கு அதிகமாகப் போகும் அக்கா தங்கைகள் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் ஹீமோகுளோபினோடு நிறுத்திவிடுவார்கள்.