காரைக்குடி அரவைக் கடையா, கூரியரில் வரும் காப்பிக்கொட்டையா?

பால் ஊற்றி டபராவில் ஆற்றிக் குடிப்பவருக்கும் பாலில்லாமல் குடிப்பவருக்கும் ஒரே பொடியைச் சொல்லிவிட முடியாது. செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலும் பால் காப்பிதான். அந்தக் கணக்கில் பார்த்தால் என் ஓட்டு உள்ளூர் அரவைக் கடைக்கு. பால் வேண்டாம் என்பவருக்கு என் பதில் வேறு.

இன்று நமக்கு மூன்று வழி. ஒன்று, காரைக்குடி, தேவகோட்டை பக்கம் கண்முன்னே அரைத்துத் தரும் கடைகள். இரண்டு, சேலம் நரசுஸ், சென்னை லியோ மாதிரி பாக்கெட் பொடி. மூன்று, கூரியரில் வருவது: சென்னையின் பீச்வில், ஆரோவில்லின் மார்க்ஸ், 2013-ல் டெல்லியில் தொடங்கிய புளூ டோக்காய் போன்ற ரோஸ்டர்கள் வறுப்பது.

பாக்கெட்டை முதலில் முடித்துவிடலாம். காப்பி-சிக்கரி கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அளவை உறையில் அச்சிட்டாக வேண்டும். அதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். ஆனால் அரைத்துப் பல நாள் ஆன பொடியில் மணம் குறைந்துதான் இருக்கும். திடீரென்று விருந்தாளி வந்தால் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

அரவைக் கடையின் பெரிய பலம், கலவை நம் கையில் இருப்பது. "பீபெரி பாதி, பிளான்டேஷன் பாதி, சிக்கரி கொஞ்சமாப் போடுங்க" என்று ஆச்சிகள் சொன்னால் அப்படியே கிடைக்கும். பிளான்டேஷன் என்றால் கழுவிப் பதப்படுத்திய அராபிகா கொட்டை. பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதிலாக ஒன்றே உருண்டு திரண்டால் அது பீபெரி. அதற்கென்று தனி மரம் கிடையாது, எல்லா மரத்திலும் சில பழங்கள் அப்படி அமையும். அதனால் பீபெரி என்றாலே உசத்தி என்று நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. விளைந்த தோட்டமும் வறுத்த விதமும்தான் ருசியைத் தீர்மானிக்கின்றன. சிக்கரி ஒரு செடியின் வேர். நீரில் காப்பியைவிட அதிகம் கரைவதால் டிகாக்‌ஷன் கறுத்துத் திக்காக இறங்கும். அந்தத் திக்கைப் பார்த்து 'ஸ்ட்ராங்' என்கிறோம்; ஆனால் சிக்கரியில் கஃபீன் துளியும் இல்லை. கிலோவுக்கு 150 கிராமுக்கு மேல் நான் போடச் சொல்வதில்லை.

இந்தக் கடைகளில் என் மனக்குறை ஒன்றுதான். எந்தத் தோட்டத்துக் கொட்டை, எந்தத் தேதியில் வறுத்தது என்று எங்கும் எழுதி வைப்பதில்லை. "அண்ணே, இது என்னைக்கு வறுத்தது?" என்று கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இவ்வளவுக்கும் பழனி மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு நமக்கு எட்டாத தூரம் அல்ல. அந்தக் கொட்டை வந்தால் ஊர் பேரைப் பலகையில் எழுதலாமே! வாங்குகிறவருக்கு அது எவ்வளவு பெருமை!

நகரத்து ரோஸ்டர்கள் அதைச் செய்கிறார்கள். தோட்டத்தின் பெயர், செடி ரகம், பதப்படுத்திய முறை, வறுத்த தேதி எல்லாம் உறையிலேயே இருக்கும். கிலோ கணக்கில் விலை உள்ளூரைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகும். அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது என்பது நீங்கள் எந்த வறுவலை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லைட் ரோஸ்டை நம் பித்தளை ஃபில்டரில் போட்டால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். வெளிர் வறுவலில் கொட்டை கெட்டியாக இருப்பதால் சாரம் இறங்க நல்ல சூடு வேண்டும். நம் ஃபில்டரிலோ தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்குவதற்குள் ஆறிவிடுகிறது. புளிப்பு முந்திக்கொள்ளும், பால் ஊற்றினால் மீதி மணமும் அமுங்கிவிடும். அதே கொட்டையை வடிதாளில் கொதிநீர் ஊற்றி, பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடித்துப் பாருங்கள். பழ வாசமும் பூ வாசமும் தனித்தனியாகத் தெரியும். அரவைக் கடையின் கருவறுவலில் அது கிடைக்காது. அங்கே தோட்டத்தின் குணத்தைவிட வறுவலின் குணமே மேலோங்கி நிற்கும்.

கூரியரில் வாங்குவதானால் பொடி வேண்டாம், முழுக்கொட்டையாகவே வாங்குங்கள். வறுத்த கொட்டையிலிருந்து கரியமில வாயு வெளியேறச் சில நாள் ஆகும் என்பதால் வழியில் போகும் நாட்களால் அதற்கு நஷ்டமில்லை. பொடிக்கு அந்த நாட்களெல்லாம் மணம் போகும் நாட்கள். கையால் சுற்றும் அரவை மிஷின் ஒன்று வாங்கிக்கொண்டால் போதும்.

தண்ணீரையும் கவனியுங்கள். சம்பை ஊற்றுத் தண்ணீர் வருகிற காரைக்குடி வீடுகள் கொடுத்து வைத்தவை. உப்பேறிய போர் தண்ணீரில் எந்த ரோஸ்டரின் கொட்டையும் மங்கித்தான் போகும்.

கல்யாணம், விசேஷம், அன்றாடப் பால் காப்பி இதற்கெல்லாம் அரவைக் கடையில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் அடுப்புச் சூடு படாமல் வையுங்கள். வீட்டில் ஒருவராவது கறுப்புக் காப்பி குடிப்பவர் இருந்தால் அவருக்கென்று கால் கிலோ கூரியர் கொட்டை. கூரியர் கொட்டையிலேயே பால் காப்பி போட ஆசை என்றால் 'மீடியம் டார்க்', அதாவது ஓரளவு கறுத்த வறுவல், என்று போட்டிருப்பதைப் பார்த்து எடுங்கள்.