நெடியில்லாத பிளாங்கெட் வாஷ்: எட்டு மாத அனுபவம்

ஆஃப்செட் மெஷினில் 22 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது அதே அச்சகத்தில் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கிறேன். பிளாங்கெட்டை (மையை வாங்கித் தாளில் பதிக்கும் ரப்பர் விரிப்பு) கழுவ வழக்கமாக வாங்கிக்கொண்டிருந்த பெட்ரோலிய தின்னரை நிறுத்திவிட்டு, தாவர எண்ணெயிலிருந்து தயாரிக்கும் வாஷுக்கு, அதாவது கழுவும் திரவத்துக்கு, மாறி எட்டு மாதங்கள் ஆகின்றன. 20 லிட்டர் கேனில் வருகிறது. இளமஞ்சள் நிறம். மூக்கருகே கொண்டுபோனால் சமையல் எண்ணெய் போல லேசான வாசம், அவ்வளவுதான்.

மாறியதற்குக் காரணம் கைகள். தின்னரில் நனைத்த துணியைப் பிழிந்து பிழிந்து, என் விரலிடுக்குகளில் தோல் வெடித்துக் கிடந்த வருடங்கள் உண்டு. கையுறை போடவில்லையா என்று கேட்கலாம். போட்டேன், சாதாரண ரப்பர் கையுறை. தின்னர் பட்டால் அது ஊறிக் கொழகொழத்துப்போகும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறைதான் ஓரளவு தாங்கும் என்பது எனக்குப் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. இளம் மெஷின்மேன் ஒருவர் போன வருடம் அதே போல வெடித்த கையை நீட்டிக் காட்டியபோது, இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

கை மட்டுமில்லை, மூச்சும்தான். ஜப்பானின் ஒசாகாவில் ஓர் அச்சகத்தில் வேலை செய்தவர்களுக்கு, அதுவும் இளம் வயதினருக்கு, பித்தநாளப் புற்றுநோய் வந்த செய்தி 2012-இல் வெளியானது. காற்றோட்டம் போதாத அறையில், நாள் முழுவதும் பிளாங்கெட்டைக் கரைப்பான் கொண்டு துடைத்தவர்கள் அவர்கள். அந்தக் கரைப்பானில் இருந்த 1,2-டைகுளோரோபுரோப்பேன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் வகைப்படுத்தியது. நாங்கள் பயன்படுத்தியது அந்த ரசாயனம் அல்ல. ஆனால், "இத்தனை வருடமாக இதைத்தானே பயன்படுத்துகிறோம்" என்பதைப் பாதுகாப்புக்குச் சான்றாகச் சொல்லும் வழக்கத்தை அந்தச் செய்திக்குப் பிறகு விட்டுவிட்டேன்.

சரி, பொருளுக்கு வருகிறேன். சாதாரண எண்ணெய் மையை இது நன்றாகவே கரைக்கிறது. பிளாங்கெட்டில் தடவி அரை நிமிடம் ஊறவிட வேண்டும். பிறகு துடைக்க வேண்டும். அதன் பிறகு தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இன்னொரு முறை துடைக்க வேண்டும். இந்த மூன்றாவது வேலையை விட்டால் எண்ணெய்ப் படலம் நின்றுவிடும். மை ஏறாமல் தாள்கள் வெளிறிப்போய் வரும். முதல் வாரம் அப்படித்தான் கட்டுக்கட்டாக வீணாயின. ஓரத்தில் வழிந்து பிளாங்கெட்டுக்கு அடியில் போனாலும் ரப்பர் உப்பிவிடுகிறது, ஆகவே துணியில் ஊற்றித் தடவுவதே நல்லது. ரோலரில் இரவு முழுக்கக் காய்ந்த மைக்கு இது போதாது. புற ஊதா ஒளியில் உலரும் யுவி மைக்கு வேலை செய்யவே இல்லை.

தின்னர் தானாக ஆவியாகிப்போகும், இது போகாது. அதனால் ஒரு லிட்டர் தின்னர் பிடித்த இடத்தில் இதற்கு மூன்றில் ஒரு பங்கு போதுமானதாக இருக்கிறது. பெட்ரோல் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் தீப்பற்றும் ஆவியை விடும். இந்த வாஷ் அப்படி ஆவி விட 100 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும் என்கிறது அதன் பாதுகாப்புத் தரவுத்தாள். மெஷினுக்கு அடியில், தரையோடு தரையாகத் தேங்கிக் கிடக்கும் தின்னர் ஆவியை நினைத்து இப்போது நான் பயப்படுவதில்லை.

புதிதாகப் பயந்தது வேறொன்றுக்கு. இரண்டாவது மாதம், துடைத்த துணிகளை யாரோ மெஷினுக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் எடுத்துப் போடலாம் என்று கையை விட்டேன். மேலே இருந்த துணி சில்லென்று இருந்தது. உள்ளே, குவியலின் நடுவில், வெதுவெதுப்பு. தாவர எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது சூடு உண்டாகும், மையிலும் ஆளிவிதை எண்ணெய் இருக்கும். குவித்துவைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. நெருப்பே வைக்காமல் தீப்பிடிக்கும். அன்றைக்கே மூடியுள்ள உலோகத் தொட்டி வாங்கினோம். ஷிப்டு முடியும்போதெல்லாம் அதைக் காலி செய்கிறோம். வாஷ் விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். தொட்டி வாங்காமல் இந்த வாஷை வாங்காதீர்கள்.

"தாவர எண்ணெய்தானே" என்று கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது. அதில் மை இருக்கிறது. எண்ணெய்ப் படலம் நீருக்குள் காற்று போகவிடாது. தனி டிரம்மில் சேர்த்துக் கழிவு எடுப்பவரிடம் கொடுக்கிறோம். தரையில் சிந்தினால் வழுக்கும் என்பதையும் கவனியுங்கள், உடனே துடைத்துவிட வேண்டும்.

என்னை மிகவும் வருத்தியது நேரம்தான். ஒரு முறை கழுவ முன்பைவிட ஐந்தாறு நிமிடம் கூடுதலாகிறது. அவசர வேலை வந்த ஒரு நாள், அந்த நிமிடங்களை மிச்சம் பிடிக்க ஒருவர் மெஷினை மெல்ல ஓடவிட்டுக்கொண்டே துணியால் துடைத்தார். சுழன்று உள்ளே இழுக்கும் இரண்டு சிலிண்டர்களுக்கு இடையே துணி போனால் விரலும் போகும். நான் ஓடிப்போய் நிறுத்தினேன். அவரைத் திட்டுவதில் பயனில்லை, எண்ணிக்கை கேட்டு அவசரப்படுத்தியது நிர்வாகம். அன்று மாலையே மேலாளரிடம் பேசி, கழுவும் நேரத்தை வேலை அட்டையில் தனிக் கட்டமாகப் போட வைத்தேன். இப்போது மெஷினின் நான்கு அச்சு யூனிட்டுக்கும் சேர்த்து 20 நிமிடம் என்று அச்சடித்தே இருக்கிறது. மெஷினை நிறுத்தி, சிலிண்டரைக் கொஞ்சம் சுழற்றி, மறுபடி நிறுத்தித் துடைக்க அது போதுகிறது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். யுவி மையும், விற்பவரின் மௌனமும் ஒன்றைக் குறைத்துவிட்டன. கை வெடித்த அந்த இளைஞர் போன வாரம் நைட்ரைல் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் காட்டினார். சுண்டுவிரல் பக்கம் ஒரு கீறல் மட்டும் இன்னும் ஆறவில்லை.