பிரிக்ஃபீல்ட்ஸ் தீப் பாதுகாப்பு வகுப்பு: யார் சேரலாம், எதற்காகச் சேரலாம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வார இறுதிகளில், கட்டடங்களின் தீப் பாதுகாப்பைப் பரிசோதிக்கச் சொல்லித்தரும் வகுப்பைப் பற்றி நிறைய பேர் கேட்கிறீர்கள். சேரலாம். ஆனால் அவர்கள் கொடுக்கும் விளம்பரத் தாளை நம்பிச் சேராதீர்கள், பாடம் நடத்தும் சாருக்காகச் சேருங்கள். அவர் பொம்பாவிலிருந்து, அதாவது மலேசியத் தீயணைப்புத் துறையிலிருந்து, ஓய்வு பெற்றவர், பல வருடம் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிப் பரிசோதனை செய்தவர். நான் செந்தூல் பக்கம் ஒரு அடுக்குமாடியின் நிர்வாக அலுவலகத்தில் வேலை செய்கிறேன், இந்தத் துறைக்கு மாறலாம் என்ற எண்ணத்தில்தான் போனேன். கட்டணம் நானூறு வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு.

பணம் கொடுத்ததற்குப் பலன் கிடைப்பது கள வகுப்பில்தான். ஒரு அடுக்குமாடிக்கு அழைத்துப் போய் நடைபாதையில் மாட்டியிருந்த தூள் தீயணைப்பானைக் கழற்றச் சொன்னார். அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நின்றது, ஸ்டிக்கரில் தேதியும் சரி. "இப்போ தலைகீழாப் பிடி தம்பி, உள்ளே தூள் நகருதா பாரு" என்றார். நகரவே இல்லை. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் தொங்கியதில் தூள் அடியில் இறுகிக் கட்டியாகியிருந்தது. அடுத்து ஹோஸ் ரீலை முழுசாக இழுக்க வைத்தார், 30 மீட்டர் குழாய் கடைசி வரை வருகிறதா, மடிந்த இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தோம். மேல் மாடி ஒன்றில் குழாய் முனையில் இருக்க வேண்டிய பித்தளை நாசலையே காணோம். பழைய இரும்புக் கடையில் விற்றால் காசு கிடைக்கும் என்று யாரோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். இதையெல்லாம் உட்கார்ந்த இடத்தில் சொல்லிக் கொடுக்க முடியாது.

படிக்கட்டுக் கதவிடம் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். தீத்தடுப்புக் கதவை முழுசாகத் திறந்து விட வேண்டும், அப்புறம் பாதி, அப்புறம் ஒரு கை அகலம். மூன்று முறையும் அது தானாக வந்து தாழ்ப்பாள் விழும் சத்தத்தோடு மூட வேண்டும். நாங்கள் பார்த்த கதவுகளில் சிலவற்றில் மேலே இருந்து கதவை இழுத்து மூடும் குளோசரையே காணோம், ஒன்றைச் செங்கல் வைத்துத் திறந்தே வைத்திருந்தார்கள், காற்று வரட்டும் என்று. அந்தக் கதவு திறந்திருந்தால் கீழ் மாடியில் பிடித்த நெருப்பின் புகை படிக்கட்டு வழியாகவே மேலே ஏறும், மக்கள் இறங்க வேண்டிய ஒரே வழியும் அதுதான். செருப்பு அலமாரி, சைக்கிள், பூத்தொட்டி என்று நாம் படிக்கட்டில் வைக்கும் சாமான்களைப் பற்றி அவர் பேசியபோது யாருக்கும் பதில் இல்லை.

2017 செப்டம்பர் 14 அன்று கம்போங் டத்தோ கெராமாட்டில் தஹ்ஃபிஸ் பள்ளி, அதாவது குர்ஆன் மனனப் பள்ளி, எரிந்து 23 பேர் இறந்ததை ஒரு முழு வகுப்புக்கு எடுத்துக்கொண்டார். பெரும்பாலோர் சின்னப் பையன்கள். வெள்ளைப் பலகையில் அறையை வரைந்து, ஜன்னல் கம்பிகளையும் வெளியேறும் வழி அடைபட்ட விதத்தையும் காட்டி, நீங்கள் அங்கே முன்னாலேயே போயிருந்தால் எதை எழுதியிருப்பீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். இந்த வேலை எதற்கு என்பது எனக்கு அன்று நெஞ்சில் இறங்கியது. அந்த ஒரு வகுப்புக்காகவே மறுபடி பணம் கட்டுவேன்.

சட்டப் பாடம் வேறு ஆள் எடுக்கிறார், அங்கேதான் ஏமாற்றம். 1988 தீயணைப்புச் சேவைகள் சட்டம், அதாவது சட்டம் 341, 1984 கட்டட துணைச் சட்டமான யூபிபிஎல், இரண்டையும் திரையில் போட்டு வாசித்துக்கொண்டே போகிறார். மேல் மாடி 18.3 மீட்டரைத் தாண்டினால் ட்ரை ரைசர், 30.5 மீட்டரைத் தாண்டினால் வெட் ரைசர் என்று எண் மட்டும் சொன்னார். ஏன் என்று விளக்கியது நம் சார்தான்: ட்ரை ரைசர் வெறும் குழாய், பொம்பா வண்டி வந்து கீழேயிருந்து தண்ணீரை ஏற்ற வேண்டும், உயரம் கூடிய கட்டடத்தில் அதற்காகக் காத்திருக்க முடியாது, அதனால் வெட் ரைசர், அந்தக் குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தில் எண் மனதில் நின்றுவிட்டது. நோட்டும் பழசு. 2024 டிசம்பரில் அரசு ஊழியர்களுக்குப் புதிய ஊதிய முறை வந்து கிரேடு எண்களே மாறிவிட்டன, இவர்கள் இன்னும் பொம்பா வேலைகளுக்குப் பழைய கிரேடுகளான கேபி19, கேபி29 என்றே அச்சடித்துக் கொடுக்கிறார்கள்.

விளம்பரத் தாளில் "பரிசோதகர் சான்றிதழ்" என்று பெரிதாகப் போட்டிருப்பதுதான் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடித்த பிள்ளைகள் இதை வைத்துக்கொண்டு நாளைக்கே ஒரு கடைக்குள் நுழைந்து நோட்டீஸ் கொடுக்கலாம் என்று நினைத்து வருகிறார்கள். அந்த அதிகாரம் சட்டப்படி பொம்பா அதிகாரிகளுக்குத்தான். அரசாங்க வழி வேண்டுமென்றால் பொதுச் சேவை ஆணையமான எஸ்பிஏ மூலம் விண்ணப்பித்து, உடல் தகுதியில் தேறி, பயிற்சி முடித்து முதலில் தீயணைப்பு வீரராக வேலை பார்க்க வேண்டும், பரிசோதனைப் பிரிவெல்லாம் அப்புறம்தான். இந்த வகுப்பு அதற்குக் குறுக்கு வழி இல்லை. தனியார் பக்கம் போகிறவர்களுக்கு இது நல்ல தொடக்கம்: தீயணைப்புச் சாதனங்களைப் பராமரிக்கும் நிறுவனங்கள், கட்டட நிர்வாகம், ஹோட்டல், தொழிற்சாலை. பொம்பாவின் தீச்சான்றிதழ், நாம் எஃப்சி என்று சொல்வது, 12 மாதத்துக்குத்தான் செல்லும் என்பதால் அது தேவைப்படும் கட்டடங்களில் ஒவ்வொரு வருடமும் யாராவது இதையெல்லாம் பார்த்துச் சரிசெய்து வைத்தே ஆக வேண்டும், வேலைக்குப் பஞ்சம் இல்லை.

இன்னொன்று, அறிக்கை எல்லாம் மலாய் மொழியில். கண் நன்றாகப் பார்க்கிறது, எழுத உட்கார்ந்தால் கை நிற்கிறது என்பதுதான் வகுப்பில் பாதிப் பேரின் நிலை. "கதவு சரியில்லை" என்று எழுதினால் போதாது, எந்த மாடி, எந்தக் கதவு, என்ன குறை, யார் எப்போதுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று வர வேண்டும். இதற்கு அவர்கள் ஒதுக்கியது கடைசி நாளில் கொஞ்ச நேரம்தான். சட்டப் பாடத்தைக் குறைத்து அறிக்கைப் பயிற்சியைக் கூட்டுங்கள் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த பிரிவில் சேருகிறவர்களும் தயவுசெய்து கேளுங்கள். மோனோரெயிலில் வந்துவிடுங்கள், அந்தப் பக்கம் கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். கள வகுப்பு நாளில் சப்பாத்து கட்டாயம், செருப்போடு வந்தவரை சார் திருப்பி அனுப்பிவிட்டார்.